இன்னும் வராத சீட்டின் விலை

304 விளையாடுகிறவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். எட்டுச் சீட்டில் நாலுதான் கைக்கு வந்திருக்கும். மற்ற நாலும் வர முதலே கேட்க வேண்டும். கையில் ஒரு ஜாக் நிற்கிறது, அதே இனத்தில் ஒரு ஏஸும் நிற்கிறது, ஒன்பதைக் காணவில்லை. "ஒன்பது மட்டும் வந்துதெண்டால் காணும்" என்று மனம் சொல்லும். கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைக்கிற அந்த நேரத்தில் நாங்கள் செய்வதற்கு என்ன பேர்? துணிவா, நப்பாசையா, கணக்கா?

கணக்கு என்றால் அது சின்னக் கணக்குத்தான். 32 சீட்டில் நாலைப் பார்த்துவிட்டோம். பார்க்காதது 28. அந்த ஒன்பது எங்களுடைய அடுத்த நாலுக்குள் வர 28 இல் 4 வாய்ப்பு. முன்னால் இருக்கிற பாட்னரின் எட்டுக்குள் இருக்க 28 இல் 8 வாய்ப்பு. இரண்டையும் கூட்டினால் 28 இல் 12, ஏறத்தாழ 43 சதவீதம். பாதிக்கும் குறைவு. இங்கே கூட்டலாம், ஏனென்றால் ஒரே சீட்டு ஒரே நேரத்தில் இரண்டு கையில் இருக்க ஏலாது. இந்தச் சின்ன நிபந்தனையை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

போக்கரில் இந்த நிலைக்கு 'ட்ரோ' என்று பேர். கை இன்னும் முடியவில்லை. ஒரு சீட்டு வந்தால் வெல்லும், வராவிட்டால் குப்பை. அந்த ஒரு சீட்டுக்காக எவ்வளவு கட்டலாம் என்பதுதான் கேள்வி. கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை காண ஐரோப்பாவின் கெட்டிக்காரக் கணிதர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. கண்டுபிடித்த விடை சூதாட்ட மேசைக்கு முழுசாகத் திரும்பி வர இன்னும் மூன்று நூற்றாண்டுகள். இன்றைக்கு ஃபோனில் ஒரு வீடியோவைத் திறந்தால் சீட்டுக்குப் பக்கத்திலேயே சதவீதம் ஓடுகிறது. "இது சூது இல்லை, கணிதம்" என்று ஒருவர் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துகிறார், எங்கள் வயதுக்காரர் தலையாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். அந்தக் கணிதம் எங்கிருந்து வந்தது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று ஒருக்கால் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் ஐரோப்பாவுக்கு வெளியே ஓர் எட்டு. நளன் கதையை எங்களில் கனபேர் நளவெண்பா வழியாகவோ கேட்ட கதையாகவோ அறிந்திருக்கிறோம். கலி பிடித்தான், சூதில் நாட்டை இழந்தான், காட்டில் மனைவியைப் பிரிந்தான். விதியின் கதையாகவே அது எங்கள் தலையில் பதிந்திருக்கிறது. ஆனால் மகாபாரதத்தின் வனபர்வத்தில் இந்தக் கதைக்குள் ஒரு விசித்திரமான இடம் உண்டு. உருமாறி, வாகுகன் என்ற பேரில் இருதுபர்ணன் என்ற அரசனுக்குத் தேரோட்டுகிறான் நளன். வழியில் ஒரு தான்றி மரம். அதன் கிளைகளில் இத்தனை இலை, இத்தனை காய் என்று அரசன் போகிற போக்கில் சொல்கிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி இறங்கி எண்ணிப் பார்க்கிறான், கணக்குச் சரி. எப்படி என்று கேட்டால், எண்ணும் வித்தையும் சூதின் இரகசியமும் தனக்குத் தெரியும் என்கிறான் அரசன். நளன் தன் குதிரை வித்தையைக் கொடுத்து அதைக் கற்றுக்கொள்கிறான். கற்றதும் கலி அவன் உடம்பை விட்டு வெளியேறுகிறான்.

தான்றிக்காய்தான் அந்தக் காலத்துச் சூதுக்காய். மரமும் மாதிரி எடுத்து மதிப்பிடுவதும் சூதும் ஒரே காட்சிக்குள் வந்திருப்பது தற்செயலாகத் தெரியவில்லை. நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய இயன் ஹாக்கிங் 1975 இல் வெளியான தன் நூலில் இந்தக் கதையை எடுத்துப் பேசுகிறார். ஆனால் அந்த வித்தை என்ன, எப்படிக் கணக்கிட்டான் என்று காவியம் சொல்வதில்லை. அது இரகசியமாகவே கைமாறுகிறது. தெரிந்தவன் ஒருத்தன், தெரியாதவன் ஒருத்தன், நடுவில் ஒரு பண்டமாற்று. இந்த அமைப்பை இன்னும் சில தடவை காணப்போகிறோம்.

இத்தாலிக்கு வருவோம். 1494 இல் லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி ஒரு பெரிய கணித நூலை அச்சிட்டார். கணக்குப் பதிவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு அவரைத் தெரிந்திருக்கும், இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவர்களில் ஒருவர். அதே நூலில் ஒரு புதிர். இரண்டு பக்கத்தார் பந்து விளையாடுகிறார்கள், முதலில் 60 புள்ளி எடுப்பவருக்குப் பந்தயப் பணம். ஒரு ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளி. ஒருவர் 50, மற்றவர் 20 என்று இருக்கும்போது விளையாட்டு இடையில் நின்றுபோகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது?

பச்சோலியின் விடை: 50 க்கு 20, ஆகவே 5 க்கு 2. முதலீட்டுக்கு ஏற்றபடி இலாபத்தைப் பிரிக்கிற வியாபாரியின் மூளை அது. 1556 இல் தார்த்தாலியா அதைக் குழப்பினார். ஒருவர் 10, மற்றவர் பூச்சியம் என்ற நிலையில் நின்றால்? பச்சோலியின் விதிப்படி முதலாமவர் முழுப் பணத்தையும் அள்ளிக்கொண்டு போவார், ஒரேயொரு ஆட்டம் வென்றதற்காக! இது நியாயமே? ஆனால் தார்த்தாலியாவிடமும் உறுதியான விடை இல்லை. ஒரு முறையை முன்வைத்துவிட்டு, இது கணிதத்தை விட வழக்குமன்றத்துக்குரிய விசயம், எப்படித் தீர்த்தாலும் வாதாட இடமிருக்கும் என்று எழுதினார்.

இருவரும் மேசையில் நடந்து முடிந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்கு இன்றைக்குத் தெரிகிறது. ஒருவருக்கு இன்னும் ஒரு ஆட்டம் போதும், மற்றவருக்கு நாலு வேண்டும். இருவரும் சம பலம் என்றால் பின்தங்கியவர் தொடர்ந்து நாலையும் வெல்ல வேண்டும்: பாதியின் பாதியின் பாதியின் பாதி, 16 இல் 1. ஆகவே சரியான பங்கு 15 க்கு 1. 5 க்கு 2 எங்கே, 15 க்கு 1 எங்கே!

நடக்காத ஆட்டத்தை எண்ணவேண்டும் என்று மோப்பம் பிடித்தவர் கார்டானோ. மிலானில் பேர்பெற்ற மருத்துவர், கணிதர், சோதிடர், அதோடு சூதில் ஊறிய மனிதர். தான் எழுதியதை வாழ்ந்தும் பார்த்தவர் என்பதால் அவர் மேல் எங்களுக்கு ஒரு தனி விருப்பம். 1539 இல் அவர் எழுதிய கணித நூலில், இன்னும் வெல்ல வேண்டிய ஆட்டங்களை வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்று திசையைச் சரியாகக் காட்டினார், கொடுத்த விதி மட்டும் பிழை. சூதாட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு நூலும் எழுதினார். அதில் தாயக்கட்டை விழக்கூடிய எல்லா விதங்களையும் பட்டியலிட்டு, சாதகமானவை எத்தனை என்று எண்ணும் முறை இருக்கிறது. சாதாரண தரத்தில் நாங்கள் நிகழ்தகவு என்று படித்தது கிட்டத்தட்ட அதேதான். பிரிமேரோ என்ற சீட்டு விளையாட்டைப் பற்றியும் எழுதுகிறார். ஆளுக்கு நாலு சீட்டு, பிடிக்காததைப் போட்டுவிட்டு மாற்றி எடுக்கலாம், நாலும் ஒரே இனமாக அமைந்தால் பெரிய கை. அதாவது 16 ஆம் நூற்றாண்டிலேயே ட்ரோ இருந்திருக்கிறது, அதை எண்ண முயன்ற ஒரு மனிதரும் இருந்திருக்கிறார். ஆனால் அந்த நூல் அவர் 1576 இல் இறந்து பல்லாண்டுகள் கழித்து 1663 இல்தான் அச்சேறியது. அதற்குள் வேறு ஆட்கள் அந்த இடத்துக்கு வேறு வழியால் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அந்த வழி 1654 இல் திறந்தது. ஷெவாலியே து மெரே என்ற பேரால் அறியப்பட்ட அன்ட்வான் கொம்போ, பாரிசின் உயர்குடிக் கூட்டங்களில் உலாவிய எழுத்தாளர். ஒரு தாயத்தை நாலு தரம் உருட்டினால் ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டினால் இலாபம். அப்படியென்றால் இரண்டு தாயத்தை 24 தரம் உருட்டினால் ஒரு இரட்டை ஆறாவது விழும் என்பதும் இலாபமாக இருக்கவேண்டாமோ? ஆறில் ஒன்றுக்கு நாலு, முப்பத்தாறில் ஒன்றுக்கு இருபத்துநாலு, விகிதம் ஒன்றுதானே? ஆனால் முதலாவது 51.8 சதவீதம், இரண்டாவது 49.1 சதவீதம். பந்தயக்காரருக்கு அந்த இடைவெளிதான் சோறு.

வாய்ப்புகளைச் சும்மா பெருக்கியோ கூட்டியோ போக ஏலாது என்பதுதான் இதில் உள்ள பாடம். ஆறில் ஒன்றை நாலு தரம் கூட்டினால் 67 சதவீதம் வரும், உண்மை 52. ஏனென்றால் முதல் உருட்டிலும் ஆறு விழலாம், மூன்றாவதிலும் விழலாம். அந்த இரட்டைப் புதுமையைக் கூட்டல் இரண்டு தரம் எண்ணிவிடுகிறது. 304 இல் கூட்ட முடிந்தது, இங்கே முடியாது. வழி, தலைகீழாக எண்ணுவது: நாலு தரமும் ஆறு விழாமல் போகிற வாய்ப்பைக் கண்டு, அதை ஒன்றிலிருந்து கழிப்பது. கார்டானோவும் இதே இடத்தில்தான் வழுக்கியிருந்தார்.

இடையில் நின்ற ஆட்டத்தின் புதிரும் மெரேயின் வழியாகப் பாஸ்கலிடம் போனது. பாஸ்கல் துலூசில் இருந்த பியர் தெ ஃபெர்மாவுக்கு எழுதினார். ஃபெர்மா தொழிலால் சட்டத்துறைக்காரர், கணிதம் அவருக்குப் பொழுதுபோக்கு. ஜூலை 29 தேதியிட்ட கடிதத்தில் பாஸ்கல் எடுக்கும் உதாரணம்: முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கு வெற்றி, இருவரும் ஆளுக்கு 32 காசு போட்டிருக்கிறார்கள். ஒருவர் இரண்டு வென்றுவிட்டார், மற்றவர் ஒன்று. அடுத்த ஆட்டத்தை முன்னுக்கு நிற்பவர் வென்றால் 64 உம் அவருக்கு. தோற்றால் இரண்டுக்கு இரண்டு, ஆளுக்கு 32. ஆகவே என்ன நடந்தாலும் 32 அவருக்கு நிச்சயம். மிச்சம் 32 இல் பாதி வாய்ப்பு, 16. மொத்தம் 48. மற்றவருக்கு 16.

ஃபெர்மாவின் வழி வேறு. இன்னும் அதிகபட்சம் இரண்டு ஆட்டத்தில் முடிந்துவிடும், ஆகவே இரண்டையும் விளையாடியதாகவே வைத்துக்கொள். நாலு விதமாக முடியலாம், அதில் மூன்று முன்னுக்கு நிற்பவருக்கு. நாலில் மூன்று, 64 இல் 48. அதே விடை. பாரிசில் ரொபெர்வால் என்ற கணிதர் இதை ஏற்கவில்லை. முதல் ஆட்டத்திலேயே முடிவு வந்துவிட்டால் இரண்டாவதை யார் விளையாடப் போகிறார்கள், நடக்காத ஆட்டத்தை எண்ணுவது என்ன முறை என்று கேட்டார். நல்ல கேள்விதான். விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் யாருக்குப் பணம் என்பது மாறாது, ஆகவே எண்ணுவதற்கு வசதியாக விளையாடியதாக வைக்கலாம் என்பது பாஸ்கலின் மறுமொழி. மூன்று வருடத்துக்குப் பிறகு, 1657 இல், ஹொய்கென்ஸ் இதை ஒரு சிறு நூலாக ஒழுங்குபடுத்தினார். வராத ஒன்றுக்கு ஒரு விலை உண்டு, அந்த விலையை எழுதிக் காட்டலாம் என்பது அன்றைக்கு அச்சில் வந்தது. காப்புறுதியும் ஆண்டுத்தொகையும் பிறகு அதே வழியால் வந்தவை. அது வேறு கட்டுரை.

போக்கர் அப்போது பிறக்கவேயில்லை. அது 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஓர்லியன்சிலும் மிசிசிப்பி ஆற்றுப் படகுகளிலும் வளர்ந்த விளையாட்டு. ஜோசப் கவல் என்ற ஆங்கில நடிகர் 1829 இல் ஒரு நீராவிப் படகில் தான் பார்த்த ஆட்டத்தைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தக் கால ஆட்டத்துக்கு 20 சீட்டுத்தான்: ஏஸ், கிங், குயின், ஜாக், பத்து. நாலு பேர், ஆளுக்கு ஐந்து. கவனியுங்கள், கட்டு அதோடு தீர்ந்துவிடும். மாற்றி எடுக்க ஒரு சீட்டும் மிச்சமில்லை. ஆக அந்தப் போக்கரில் எதிர்பார்ப்பே கிடையாது. கையில் உள்ளதை வைத்து மற்றவரை மிரட்டலாம், அவ்வளவுதான்.

நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் 52 சீட்டுக் கட்டு வந்தது, ஐந்தும் ஒரே இனமாக அமைகிற பிளஷ் வந்தது, வேண்டாததைப் போட்டுவிட்டு மாற்றி எடுக்கிற முறையும் வந்தது. மிரட்டல் விளையாட்டுக்குள் நப்பாசை நுழைந்த இடம் இது. நாலு சீட்டு ஒரே இனம், ஐந்தாவது வேறு. அதைப் போட்டுவிட்டு ஒன்று எடுத்தால்? பார்க்காதது 47, அதில் வேண்டியது 9. 19 சதவீதம். ஐந்தில் ஒன்று கூட இல்லை. 5, 6, 8, 9 ஐ வைத்துக்கொண்டு நடுவில் 7 வரும் என்று இருப்பவருக்கு 47 இல் 4, 8.5 சதவீதம். நடு ஓட்டையை அடைக்கக் காசு கட்டாதே என்பது அமெரிக்காவில் பழமொழி மாதிரி ஆகிப்போனது இதனால்தான்.

ஆனால் படகுகளில் இந்தக் கணக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்பது எங்களுக்குச் சந்தேகமே. கணக்குக்கு முதல் நிபந்தனை, கட்டு ஒழுங்காகக் கலைக்கப்பட்டிருக்க வேண்டும். ஜொனதன் கிரீன் என்ற முன்னாள் சூதாடி 1843 இல் தன் தொழில் கூட்டாளிகளின் தந்திரங்களை அம்பலப்படுத்தி எழுதிய நூல், அடையாளமிட்ட சீட்டும் திருட்டுக் கலைப்பும் எவ்வளவு மலிந்திருந்தன என்பதைக் காட்டுகிறது. சீட்டைப் போடுகிறவனுக்கே அடுத்தது என்ன என்று தெரியுமென்றால், 47 இல் 9 என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பது பாவம்.

ட்ரோவை விளையாட்டின் நடுவுக்குக் கொண்டு வந்தது ரெக்சாஸ் ஹோல்டெம். அதன் பிறப்பிடம் றொப்ஸ்ரவுன் என்ற சிற்றூர் என்று 2007 இல் ரெக்சாஸ் சட்டமன்றம் ஒரு தீர்மானமே போட்டது. 1960களில் அது லாஸ் வேகாசுக்குப் போனது. ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. அந்த ஐந்தும் ஒரேயடியாக வராது. முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பந்தயம். அதாவது பச்சோலியின் இடையில் நின்ற ஆட்டம் ஒரே கைக்குள் மூன்று தரம் நிற்கிறது, மூன்று தரமும் விலை கேட்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் கையில் இரண்டு ஹார்ட்ஸ், மேசையில் வந்த மூன்றில் இரண்டு ஹார்ட்ஸ். இன்னும் ஒன்று வேண்டும். பார்க்காதது 47, அதில் ஹார்ட்ஸ் 9. "மற்றவர்களின் கையிலும் ஹார்ட்ஸ் இருக்குமே, அதைக் கழிக்கவேண்டாமோ?" என்று எல்லாரும் முதலில் கேட்பார்கள். கழிக்கத் தேவையில்லை. மற்றவர் கையில் இருப்பதும் கட்டில் இருப்பதும் எங்களுக்கு ஒன்றுதான், இரண்டுமே பார்க்காத சீட்டு. அடுத்த சீட்டு அந்த 47 இல் எதுவாகவும் இருக்கலாம்.

இரண்டு சீட்டும் வரட்டும். இரண்டிலும் ஹார்ட்ஸ் வராமல் போக 47 இல் 38, பிறகு 46 இல் 37. பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் 35 சதவீதம். மேசையில் இருந்து இதைப் பெருக்க ஏலாது. அதனால் ஒரு குறுக்குவழி புழங்குகிறது: இரண்டு சீட்டு வர இருந்தால், வேண்டிய சீட்டின் எண்ணிக்கையை நாலால் பெருக்கு, ஒன்றுதான் வர இருந்தால் இரண்டால் பெருக்கு. 9 ஐ நாலால் பெருக்க 36. உண்மை 35. நடு ஓட்டைக்கு 4 சீட்டு, பெருக்க 16. உண்மை 16.5. அருமை!

ஆனால் பிளஷுக்கும் ஸ்ட்ரெயிட்டுக்கும் ஒரே நேரத்தில் காத்திருக்கிற பெரிய ட்ரோவுக்கு 15 சீட்டு உதவும். நாலால் பெருக்க 60. உண்மை 54 தான். ஏன் இங்கே பிசகுகிறது? மெரேயின் தாயம்தான். இரண்டு சீட்டிலும் வந்துவிடுகிற வாய்ப்பை இந்தக் குறுக்குவழி இரண்டு தரம் எண்ணுகிறது. வேண்டிய சீட்டு குறைவாக இருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது, கூடினால் தெரியும். கார்டானோ வழுக்கிய அதே கூட்டல், நாலரை நூற்றாண்டு கழித்துத் தெரிந்தே செய்யப்படும் பிழையாக மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

வீடியோக்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடும். 35 சதவீதம் என்ற எண் தனியாக ஒன்றையும் சொல்லாது. நடுவில் 900 ரூபா கிடக்கிறது, கடைசிச் சீட்டு மட்டும் வர இருக்கிறது, எதிராளி 300 கட்டுகிறார். நீங்கள் 300 கட்டினால் 1,200 வெல்லலாம். கட்டியதும் மொத்தம் 1,500, அதில் உங்கள் பங்கு ஐந்தில் ஒன்று. ஆகவே 20 சதவீதமாவது வெல்ல வேண்டும். பிளஷ் வர 46 இல் 9, 19.6 சதவீதம். மயிரிழையில் நட்டம், ஒரு தடவைக்குச் சராசரி ஆறரை ரூபா. இப்போது எதிராளி 600 கிடக்கிற இடத்தில் 600 கட்டுகிறார் என்று வையுங்கள். 600 போட்டு 1,200 வெல்ல மூன்றில் ஒன்று வேண்டும், உங்களிடம் ஐந்தில் ஒன்றும் இல்லை. கட்டுகிற ஒவ்வொரு தடவையும் சராசரியாக 248 ரூபா கைவிட்டுப் போகிறது. அந்த ஒரு தடவை பிளஷ் விழுந்து 1,200 ஐ அள்ளினாலும் இது மாறாது. சீட்டும் அதே, வாய்ப்பும் அதே, விலைதான் வேறு. அந்த விலையைக் குறிக்கிறவர் எதிரில் இருக்கிறவர்.

35 க்குள் இன்னொரு பொறியும் இருக்கிறது. அது இரண்டு சீட்டையும் ஒரே விலைக்குப் பார்க்கக் கிடைத்தால் மட்டும் செல்லுபடியாகும். முதல் சீட்டு வராவிட்டால் எதிராளி திரும்பவும் காசு கேட்பார். 35 ஐ மனதில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் கட்டுகிறவர், ஒரே ரிக்கற்றுக்கு இரண்டு தரம் காசு கொடுக்கிறார். பிளஷ் வந்தும் எதிராளியிடம் அதைவிடப் பெரிய பிளஷ் இருப்பது தனிச் சோகம்.

இதையெல்லாம் முதலில் தெரிந்தவர்கள் ரெக்சாசின் நாடோடிச் சூதாடிகள். டோயில் பிரன்சன், அமரில்லோ ஸ்லிம், செய்லர் றொபேட்ஸ் மூவரும் ஊர் ஊராகக் காரில் போய் விளையாடினார்கள். கணினி இல்லாத காலம். ஒரே மாதிரிக் கைகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து எது எத்தனை தரம் வெல்கிறது என்று கையாலேயே எண்ணினார்கள் என்று பிரன்சன் சொல்லியிருக்கிறார். 1976 இலும் 1977 இலும் உலகத் தொடரை வென்ற பிறகு, அந்தப் பத்தாண்டின் இறுதியில், தெரிந்ததை ஒரு தடித்த புத்தகமாகப் போட்டார். மைக் கேரோ தயாரித்த வாய்ப்பு அட்டவணைகள் அதன் பின்னால் இருந்தன. கொஞ்சம் முன்பின்னாக டேவிட் ஸ்க்ளான்ஸ்கியின் நூல்களும் வந்தன. முடியாத கையை வைத்துக்கொண்டு நீயே பந்தயம் கட்டு, எதிராளி பயந்து போட்டாலும் வெற்றி, சீட்டு வந்தாலும் வெற்றி என்ற உத்திக்குப் பேர் வைத்தவர் அவர்தான். விலை குறிக்கிற இடத்தில் ட்ரோக்காரன் போய் உட்காருவது அது. திரும்ப ஒரு வாய்ப்புக் கிடைத்தால் அந்தப் புத்தகத்தை எழுதமாட்டேன் என்று பிரன்சன் பிற்காலத்தில் சொன்னதுண்டு. எதிராளிகள் எல்லாரும் படித்துவிட்டார்களாம். இருதுபர்ணன் இந்த விசயத்தில் கெட்டிக்காரன், ஒருவனுக்கு மட்டும் சொன்னான், அதுவும் குதிரை வித்தைக்கு.

சதவீதத்தைத் திரைக்குக் கொண்டு வந்தவரின் கதை இன்னும் வியப்பானது. ஹென்றி ஓரன்ஸ்டீன் போலந்து யூதர். நாசி வதைமுகாமில், விஞ்ஞானிகளையும் கணிதர்களையும் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானும் ஒருவன் என்று பேர் கொடுத்து உயிர் தப்பினார். அமெரிக்கா போய் விளையாட்டுப் பொருள்கள் செய்து பணக்காரரானார். வீரர்களின் மறைந்த சீட்டைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டும் மேசைக் கமராவுக்குக் காப்புரிமை பெற்றவர் அவர். எல்லாருடைய சீட்டும் தெரிந்த பிறகு யார் எத்தனை சதவீதம் என்று கணினி உடனே சொல்லிவிடும். அதுவரை தொலைக்காட்சியில் போக்கர் பார்ப்பது, மௌனமாக இருக்கிற ஆட்களைப் பார்ப்பதுதான். 2003 இல் ரெனசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் இணையத்தில் சின்னக் கட்டணத்துக்குத் தகுதிபெற்று, 839 பேர் கொண்ட உலகத் தொடரில் 25 இலட்சம் டொலரை வென்றார். பேரே மணிமேக்கர்! 2006 இல் அதே போட்டிக்கு வந்தவர்கள் 8,773 பேர்.

ஆனால் திரையில் ஓடும் அந்த எண் விளையாடுகிறவருக்குக் கிடைக்கிற எண் இல்லை. அது எல்லாருடைய கையையும் பார்த்தவரின் எண். மேசையில் இருப்பவர் எதிராளியின் கையை ஊகிக்க வேண்டும், ஊகம் பிழைத்தால் சதவீதமும் பிழைக்கும். இப்போது அந்த ஊகத்தையும் இயந்திரம் செய்கிறது. 2017 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் நாலு தொழில்முறை வீரர்களை 120,000 கைகளில் தோற்கடித்தது. 2019 இல் புளூரிபஸ் ஆறு பேர் மேசையிலும் வென்றது. இயந்திரம் சொல்லித் தருவதை நாள் முழுக்கப் பயிற்சி செய்கிறவர்கள் இணைய மேசைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று வீடியோ பார்த்துவிட்டு வருகிற எங்கள் வயதுக்காரர் அவர்களுக்கு எதிரில்தான் போய் உட்காருகிறார்.

அதோடு மேசைக்கு வாடகை. கடை ஒவ்வொரு பொட்டிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். முன்னே சொன்ன 1,500 ரூபா பொட்டில் ஐந்து சதவீதம், 75 ரூபா என்று வைப்போம். மயிரிழையில் ஆறரை ரூபா நட்டமாக இருந்தது இப்போது 21 ரூபா நட்டம். சம பலமான ஆறு சிநேகிதர் ஆளுக்கு ஆயிரம் கொண்டு வந்தால், அந்த அளவுப் பொட் 80 தரம் நடந்தால் ஆறாயிரமும் கடையிடம். யார் திறமாகக் கணக்கிட்டார் என்பது பிறகு கதைக்கிற கதை. இது கணிதம், சூது இல்லை என்று சொல்கிற வீடியோவில் இந்தக் கணிதத்தை நாங்கள் கண்டதில்லை. அதைச் சொல்லிக் கொடுக்க மெரே அளவுக்குச் சந்தேகப்படுகிற மனம் போதும்.

பச்சோலியின் புதிர் போக்கரில் இன்றைக்கும் அப்படியே நடக்கிறது. பெரிய போட்டியில் மூன்று பேர் மிஞ்சி, விடியப்போகிறது, எல்லாருக்கும் களைப்பு. இங்கேயே நிறுத்திப் பணத்தைப் பிரிப்போம் என்கிறார் ஒருவர். பரிசு 50,000, 30,000, 20,000 என்று வைப்போம். மேசையில் உள்ள சில்லுகளில் ஒருவரிடம் பாதி, மற்றவரிடம் 30 சதவீதம், கடைசி ஆளிடம் 20. பச்சோலி மாதிரிப் பிரித்தால் முதலாமவர் 50,000 எடுப்பார், விளையாடாமலே முதல் பரிசு. கடைசி ஆளுக்கு 20,000, தோற்றாலே கிடைக்கிற பணம். தார்த்தாலியா சிரித்திருப்பார்.

இப்போது இதற்கு ஒரு முறை இருக்கிறது. குதிரைப் பந்தயத்தில் இரண்டாம் மூன்றாம் இடத்தைக் கணிக்க டேவிட் ஹார்வில் 1973 இல் எழுதிய சூத்திரத்திலிருந்து வந்தது. சில்லின் பங்கை முதலிடம் வெல்லும் வாய்ப்பாக வைத்து, இன்னும் நடக்காத முடிவுகள் எல்லாவற்றையும் எண்ணி, பரிசுகளை அதற்கேற்பப் பிரிக்கும். அதன்படி 38,393, 32,750, 28,857. போட்டி நடத்துகிறவர் மணிக்கூட்டை நிறுத்திவிட்டு இந்த மூன்று எண்ணையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டு வருவார். அதிகம் சில்லு வைத்திருப்பவர், நான் உங்கள் இருவரையும் விட நன்றாக விளையாடுகிறேன், நாற்பதுக்குக் குறைய மாட்டேன் என்பார். கடைசி ஆள், அப்படியெண்டால் விளையாடிப் பாப்பம் என்பார். மூவரில் ஒருவர் தலையாட்டாவிட்டாலும் மணிக்கூட்டைத் திரும்ப ஓடவிட்டு, அடுத்த சீட்டைப் போடுவார்கள்.